அப்பாவும் தம்பியும் பேசிக்கறதே இல்ல, நடுவுல அம்மா. ஃபேமிலி தெரபி போனா ஏதாவது மாறுமா?

நடுவுல_நான்:

எல்லாருக்கும் வணக்கம். இங்க படிக்கறதோட சரி, எழுதினதில்ல. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

வீட்டுல அப்பா, அம்மா, தம்பி. நான் கல்யாணமாகி தனியா இருக்கேன். தம்பிக்கு 20 வயசு, படிச்சிட்டிருந்ததை பாதியில விட்டுட்டு வேற ஒண்ணு கத்துக்கப் போறேன்னு சொன்னான், அன்னைல இருந்து அப்பாவுக்கும் அவனுக்கும் பேச்சு நின்னு போச்சு. சண்டை போட்டாக்கூட பரவால்லன்னு தோணுது, இது அதைவிட மோசம். ஒரே ரூம்லதான் உக்காந்திருப்பாங்க, அப்பா அம்மாவைப் பாத்து "அந்த டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லு அவனை"ம்பாரு, அவன் கையில ரிமோட் இருக்கும், அவனும் அம்மாவைப் பாத்து "குறைச்சாச்சுன்னு சொல்லும்மா"ம்பான். அம்மா ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பி அதைச் சொல்லுவாங்க, நிஜமாவே சொல்லுவாங்க, ரெண்டு பேருக்கும் காது கேட்டும்.

பெரிய விஷயம்னா அம்மா கொஞ்சம் மாத்திச் சொல்லிடுவாங்க, அப்பா கோவமா சொன்னதை பக்குவமா, தம்பி வெடுக்குனு சொன்னதை பணிவா. அப்புறம் அது எப்படியோ தெரிஞ்சு போயி "நான் அப்படிச் சொல்லவே இல்லையே"ன்னு அம்மா மேலயே ரெண்டு பேரும் பாய்வாங்க. ராத்திரி ஆனா அம்மா எனக்கு போன் பண்ணி அழுவாங்க. நான் தம்பிக்கு போன் போட்டா "நீயும் அவர் கட்சிதானே"ன்னு வெச்சிடறான். அப்பாகிட்ட பேசினா "நீ உன் குடும்பத்தைப் பாரு"ங்கறாரு.

ஒரு ஃப்ரெண்ட் ஃபேமிலி தெரபி போய்ப் பாருங்கன்னு சொன்னா. அங்க உண்மையில என்ன நடக்கும்? உக்கார வெச்சு அட்வைஸ் பண்ணுவாங்களா? அட்வைஸ்னா சொந்தக்காரங்க எல்லாம் வேணும்ங்கற அளவுக்குப் பண்ணியாச்சு. அப்பாகிட்ட லேசா சொல்லிப் பாத்தேன், "அவனுக்குத்தான் கோளாறு, அவனைக் கூட்டிட்டுப் போ"ன்னாரு. தம்பிகிட்ட கேட்டா "எனக்கென்ன கோளாறு, அவரைக் கூட்டிட்டுப் போ"ங்கறான். ரெண்டு பேரும் வராம இது நடக்குமா? போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

மூத்தவர்78:

வணக்கம்மா. நாங்க போயிருக்கோம், அதனால சொல்றேன்.

எங்க பொண்ணுக்கு அப்ப 14 வயசு. அடிக்கடி தலைவலி வயித்துவலின்னு ஸ்கூலுக்குப் போக மாட்டா, எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, உடம்புல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. டாக்டர்தான் ஃபேமிலி தெரபிஸ்ட்கிட்ட அனுப்பினாரு. பொண்ணை மட்டும் உள்ள அனுப்பிட்டு வெளிய உக்காரலாம்னு போனா, அந்தம்மா "வீட்டுல இருக்கற எல்லாரும் வாங்க"ன்னுட்டாங்க, எங்கம்மா உட்பட.

அங்க நடந்த ஒண்ணை மட்டும் சொல்றேன், உங்களுக்குப் புரியும். பேச்சுவாக்குல எனக்கும் என் மனைவிக்கும் வீட்டுச் செலவு பத்தி பேச்சு தடிச்சுது, குரல் கொஞ்சம் ஏறுது, உடனே பொண்ணு "எனக்குத் தலை வலிக்குது, வீட்டுக்குப் போலாமா"ன்னா. நாங்க ரெண்டு பேரும் பேச்சை அப்படியே விட்டுட்டு அவகிட்ட திரும்பிட்டோம், தண்ணி வேணுமா, படுத்துக்கறியான்னு. தெரபிஸ்ட் எழுந்து வந்து பொண்ணு பக்கத்துல உக்காந்துக்கிட்டு "இவளை நான் பாத்துக்கறேன், நீங்க ரெண்டு பேரும் செலவு விஷயத்தை முடிங்க"ன்னாங்க. நாங்க முழிச்சோம். மறுபடியும் "முடிங்க, டைம் இருக்கு"ன்னாங்க. கஷ்டப்பட்டு ஒரு முடிவுக்கு வந்தோம், பெரிய முடிவு இல்ல, ஆனா நாங்க ரெண்டு பேர் மட்டும் பேசி எடுத்த முடிவு. பொண்ணு அதைக் கவனமா பாத்துட்டே இருந்தா. அப்புறம் தெரபிஸ்ட் அவகிட்ட தலை எப்படி இருக்குன்னு கேட்டாங்க, "இப்ப பரவால்ல"ன்னா.

அவ நடிக்கலைம்மா, நிஜமாவே வலிச்சுது. நாங்க சண்டை போடாம இருக்கறதுக்கு அவ உடம்பு ஒரு வேலை பாத்துட்டிருந்துச்சு. அந்த ரூம்ல யாரும் எங்களுக்கு அட்வைஸ் பண்ணல, யாரையும் குத்தம் சொல்லல. வீட்டுல தினம் நடக்கறது அங்கயும் நடந்துச்சு, நடக்கறப்பவே பிடிச்சு வேற மாதிரி முடிக்க வெச்சாங்க. அந்த வித்தியாசம்தான் உங்க கேள்விக்குப் பதில்.

சரியாக கொஞ்ச மாசம் ஆச்சு. நடுவுல ரெண்டு மூணு வாரம் வீட்டுல சண்டை ஜாஸ்தியாக்கூட ஆச்சு, ஏன்னா இத்தனை நாள் அடக்கி வெச்சதெல்லாம் வெளிய வருதில்ல. அப்ப பயந்து நிறுத்திடாதீங்க.

கடல்நீலம்:

நான் எதிர்ப்பக்கம் பேசறேன், தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். எங்க வீட்டுலயும் போனோம், எனக்கும் அண்ணனுக்கும் நடுவுல பிரச்சனை. அந்த ஆள் முதல் நாளே "பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும்"னு என்கிட்ட ஆரம்பிச்சாரு. அண்ணன் முகத்துல அப்ப ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க, அதை இன்னைக்கும் மறக்கல. அடுத்த தடவை நான் போகல. வீட்டுல "பாத்தியா, டாக்டரே சொல்லிட்டாரு"ன்னு அதை வெச்சு இன்னும் நாலு நாள் பேசினாங்க. யாருகிட்ட போறோம்ங்கறது ரொம்ப முக்கியம், சும்மா போர்டு மாட்டியிருக்காங்கன்னு போயிடாதீங்க. அதுவும் உங்க தம்பி மாதிரி ஏற்கனவே எல்லாரும் தனக்கு எதிர்னு நினைக்கற பையனுக்கு முதல் அனுபவமே இப்படி ஆச்சுன்னா அப்புறம் எந்த கவுன்சிலர் பக்கமும் தலை வெச்சுப் படுக்க மாட்டான்.

தெரபிஸ்ட்_உமா:

நான் குடும்பங்களோட வேலை பாக்கற தெரபிஸ்ட். நடுவுல_நான், உங்க பதிவைப் படிச்சதும் முதல்ல உங்கம்மாவை நினைச்சுத்தான் எனக்கு மனசு கனத்துச்சு. அந்த வீட்டுல ரொம்ப களைச்சுப் போயிருக்கற ஆள் அவங்கதான், ஆனா அவங்களைக் கூட்டிட்டுப் போன்னு யாருமே சொல்லல.

1950கள்ல அமெரிக்கால முர்ரே போவன்னு ஒரு மனநல டாக்டர், நோயாளியை மட்டும் சேக்காம குடும்பத்தையே வார்டுல தங்க வெச்சு, அவங்க ஒருத்தரோட ஒருத்தர் எப்படிப் பழகறாங்கன்னு பாத்தாரு. அவர் சொன்ன முக்கியமான விஷயம் முக்கோணம். ரெண்டு பேருக்கு நடுவுல இறுக்கம் தாங்க முடியாத அளவுக்குப் போச்சுன்னா மூணாவது ஆள் ஒருத்தரை உள்ள இழுத்துப்பாங்க. மூணாவது ஆள் வந்ததும் சூடு குறையும், அதனால அந்த ரெண்டு பேரும் தங்களுக்குள்ள இருக்கறதைத் தீத்துக்கவே வேண்டியதில்லைன்னு ஆயிடும். உங்க வீட்டுல அப்பா, தம்பி, அம்மா ஒரு முக்கோணம். அம்மாவால தாங்க முடியாதப்ப அம்மா, தம்பி, நீங்கன்னு இன்னொரு முக்கோணம் முளைக்குது. அம்மா எவ்வளவு நல்லா தூது போறாங்களோ அவ்வளவு நாளைக்கு அவங்க ரெண்டு பேரும் பேசாமலே ஓட்ட முடியும். இதுல அம்மா மேல தப்பே இல்ல, வீடு இடிஞ்சு விழாம பாத்துக்கறாங்க, அவ்வளவுதான்.

உள்ள என்ன நடக்கும்னு கேட்டீங்க. முதல் சந்திப்புல பெரும்பாலும் கேள்விதான், அதுவும் நீங்க எதிர்பாக்கற கேள்வி இல்ல. "உங்களுக்கு ஏன் கோவம்"னு அப்பாகிட்ட கேட்டா இத்தனை நாளா சொன்னதையே சொல்லுவாரு. அதுக்குப் பதிலா உங்ககிட்ட திரும்பி "அப்பாவும் தம்பியும் பேசாம இருக்கறப்ப அம்மா என்ன பண்ணுவாங்க? அம்மா அழுதா முதல்ல யாரு கவனிப்பாங்க?"ன்னு கேப்போம். தம்பிகிட்ட "நாளைக்கே அப்பா உன்கிட்ட நேரா பேச ஆரம்பிச்சா வீட்டுல யாருக்கு ரொம்ப ஆச்சரியமா இருக்கும்?"னு கேப்போம். இத்தாலில மிலான் நகரத்துல இருந்த ஒரு டாக்டர் குழு 1970கள்ல இருந்து இந்த மாதிரி கேள்விகளை நல்லா வளத்தெடுத்தாங்க. ஒருத்தரைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட கேக்கறப்ப யாரைப் பத்திக் கேக்கறோமோ அவரு கம்முனு கேட்டுட்டு இருப்பாரு, தன்னைப் பத்தி இப்படியும் நினைக்கறாங்களான்னு அப்பத்தான் தெரியும். "அம்மா அழுதா அப்பா பேப்பரைப் படிக்கற மாதிரி வெச்சுப்பாரு, ஆனா பக்கத்தைத் திருப்ப மாட்டாரு"ன்னு ஒரு பையன் சொல்லி, அதைக் கேட்ட அப்பா அந்த சந்திப்பு முடியற வரைக்கும் குரலையே உயர்த்தாம பேசினதைப் பாத்திருக்கேன். மகன் தன்னை இவ்வளவு கவனிக்கறான்னு அவருக்குத் தெரியாது.

மூத்தவர் ஐயா சொன்ன மாதிரி ரூமுக்குள்ளயே நடக்க வெச்சு மாத்தறது சால்வடோர் மினுச்சின்னு இன்னொரு ஃபேமிலி தெரபி முன்னோடி காட்டின வழி. உங்க வீடு வந்தா நான் முதல்ல பண்றது உக்கார்ற இடத்தை மாத்தறதாத்தான் இருக்கும். அம்மா நடுவுல உக்காருவாங்க, அது எனக்கு இப்பவே தெரியும். அவங்களை என் பக்கத்துல கூப்பிட்டு வெச்சுக்கிட்டு, அப்பா நாற்காலியையும் தம்பி நாற்காலியையும் ஒண்ணை ஒண்ணு பாக்கற மாதிரி போட்டு, சின்ன விஷயம் ஒண்ணு குடுப்பேன், படிப்பு விஷயம் இல்ல, டிவி சத்தம் மாதிரி ஒண்ணு. "அவனைப் பாத்துச் சொல்லுங்க சார்"னு. அப்பா மறுபடி அம்மாவைப் பாப்பாரு, அம்மா வாயைத் திறப்பாங்க, நான் அவங்க கையை மெதுவா பிடிச்சுக்குவேன். அந்த அமைதி ரொம்ப நேரம் மாதிரி தோணும். யாராவது ஒருத்தர் பேசித்தான் ஆகணும்.

படிப்பு விஷயமெல்லாம் அதுக்கப்புறம்தான். நேரா பேசற பழக்கமே போயிட்டப்ப பெரிய விஷயத்தை எடுத்தா உடைஞ்சு போயிடும். பெரும்பாலும் "நீ எதையும் முடிக்க மாட்ட"ங்கறதுக்குள்ள "என் காலத்துக்கு அப்புறம் நீ என்ன பண்ணுவன்னு பயமா இருக்கு"ங்கறது இருக்கும். பையன் பக்கம் "என்னைக் கேக்கவே இல்லையே"ங்கறது இருக்கும். குத்தமா வர்ற பேச்சை அதுக்குள்ள இருக்கற பயத்தையோ ஆசையையோ சொல்ற பேச்சா மாத்த உதவறதுதான் எங்க வேலையில பெரும்பகுதி. மாத்தினப்புறமும் அப்பாவுக்கு அந்த முடிவு பிடிக்காமலே போகலாம், அது பரவால்ல. ஒத்துப்போகாமலே மரியாதையா பேசிக்கற குடும்பங்கள் நிறைய இருக்கு.

கடல்நீலம், உங்களுக்கு நடந்தது நடந்திருக்கவே கூடாது. ஒரு பக்கம் சாயறது இந்த வேலையில ரொம்ப அடிப்படையான தவறு. முதல் போன்லயே "நீங்க குடும்பங்களோட வேலை பண்றதுக்குன்னு தனியா பயிற்சி எடுத்திருக்கீங்களா, ஒருத்தர் தனியா உங்ககிட்ட ஒரு ரகசியம் சொன்னா என்ன பண்ணுவீங்க"ன்னு கேட்டுடுங்க. தனி ஆளுக்கு கவுன்சிலிங் பண்றதும் நாலு பேரை ஒண்ணா உக்கார வெச்சுப் பாக்கறதும் வேற வேற திறமை. ரெண்டு மூணு சந்திப்புக்கு அப்புறம் வீட்டுல எல்லாருமே "என் பக்கத்தையும் கேட்டாங்க"ன்னு சொல்லணும், ஒருத்தர் மட்டும் ஜெயிச்ச மாதிரி வெளிய வந்தா அதை தெரபிஸ்ட்கிட்ட நேராவே சொல்லுங்க, அப்பவும் மாறலைன்னா வேற ஆளைப் பாருங்க.

வானம்பாடி:

ஒரு விஷயம் யாரும் சொல்லல, அதான் எழுதறேன். வீட்டுல அடி உதை, மிரட்டல் இருந்தா எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசற தெரபிக்கு எடுத்தவுடனே போகாதீங்க. நான் பட்டிருக்கேன். அந்த ரூம்ல தைரியமா ஒரு உண்மையைச் சொல்லிட்டு அதே ஆளோட அதே வீட்டுக்குத் திரும்பிப் போகணும்ல, அதுக்கான விலையை வீட்டுல குடுக்க வேண்டியதா இருக்கும். முதல்ல பாதுகாப்பு, தனியா ஒரு ஆள்கிட்ட பேசறது, அப்புறம்தான் மத்ததெல்லாம். நடுவுல_நான் வீட்டுல அப்படி எதுவும் இல்லைன்னு நினைக்கறேன், ஆனா இதைப் படிக்கற வேற யாருக்காவது வேணும்.

தெரபிஸ்ட்_உமா:

வானம்பாடி, ரொம்ப சரியா சொன்னீங்க, எழுதினதுக்கு நன்றி. நல்ல தெரபிஸ்ட்னா ஒவ்வொருத்தரையும் தனித்தனியா பாத்து இதைக் கேட்டுட்டுத்தான் ஒண்ணா உக்கார வெப்பாங்க. பயம் இருக்கற வீட்டுல "பேச்சு சரியில்ல"ன்னு ஆரம்பிக்கறதே அடி வாங்கறவங்க மேல பாதிப் பொறுப்பைத் தூக்கி வெக்கற மாதிரி ஆயிடும்.

நடுவுல_நான்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, படிக்கறப்பவே கண்ணு கலங்கிடுச்சு. வானம்பாடி அக்கா, எங்க வீட்டுல அடி உதை எல்லாம் இல்ல, அப்பா கை நீட்டினதே இல்ல. உமா மேடம், அம்மாவைப் பத்தி நீங்க சொன்னதை அப்படியே அம்மாகிட்ட போன்ல படிச்சுக் காமிச்சேன், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "நான் வர்றேன்"னாங்க. ஆனா அப்பாவும் தம்பியும் வராம அம்மாவும் நானும் மட்டும் போயி என்ன ஆகப் போகுது? இன்னொண்ணு, நீங்க சொல்றதைப் பாத்தா தூது போறதை நிறுத்தணும் போல, ஆனா அம்மா நிறுத்திட்டா வீடு சுத்தமா உடைஞ்சுடுமோன்னு அவங்களுக்கும் பயம், எனக்கும் பயம்.

தெரபிஸ்ட்_உமா:

ரெண்டு பேர் வந்தாலே போதும், ஒருத்தர் வந்தாக்கூட ஆரம்பிக்கலாம். போவன் கடைசி வரைக்கும் அழுத்திச் சொன்னது இதைத்தான், குடும்பத்துல ஒருத்தர் தன் பங்கை மாத்திக்கிட்டு அதுல அமைதியா நின்னாருன்னா மத்தவங்களால பழையபடி இருக்க முடியாது. ஆரம்பத்துல எல்லாரும் பழைய இடத்துக்கே இழுப்பாங்க, "என்ன ஆச்சு உனக்கு, மாறிட்ட"ன்னு கோவப்படுவாங்க. அந்த இழுப்பு வர்றப்ப எப்படித் தாங்கறதுன்னு கத்துக்கத்தான் தெரபிஸ்ட் தேவை.

தூதை ஒரேயடியா நிறுத்த வேண்டாம், அதுவும் கோவத்துல "இனிமே நீங்களே பேசிக்கோங்க"ன்னு சொல்லி நிறுத்தவே வேண்டாம், அது தண்டனை மாதிரி போயிடும். முதல்ல சின்ன விஷயத்துல மட்டும். அப்பா "அவனை லைட் அணைக்கச் சொல்லு"ன்னா அம்மா சிரிச்ச முகத்தோட "இங்கதானே இருக்கான், நீங்களே சொல்லுங்களேன்"னு சொல்லிட்டு கையில இருக்கற வேலையைப் பாக்கலாம். அங்க நின்னு என்ன ஆகுதுன்னு பாத்துட்டு இருந்தா மறுபடியும் உள்ள இழுத்துடுவாங்க, எழுந்து வேற ரூமுக்குப் போறது நல்லது. பெரிய விஷயத்துல இப்போதைக்கு தூது போனாலும் சொன்னதைச் சொன்னபடி சொல்லட்டும், பக்குவப்படுத்தி மாத்த வேண்டாம்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. அம்மா ராத்திரி போன் பண்ணா கேளுங்க, ஆறுதல் சொல்லுங்க, ஆனா போனை வெச்சதும் தம்பிக்கு போன் போடாதீங்க. தம்பிகிட்ட பேசறப்ப அவனைப் பத்தி மட்டும் பேசுங்க, என்ன கத்துக்கறான், எப்படிப் போகுதுன்னு. கொஞ்ச நாள் இப்படிப் போனா "நீ அவர் கட்சி"ங்கறது தானா குறையும்.

மூத்தவர்78:

அப்பாவைக் கூப்பிடறது பத்தி ஒண்ணு சொல்றேன்மா, நானும் அந்த வயசுப் பக்கம்தான். "உங்களுக்கும் அவனுக்கும் பிரச்சனை, வாங்க"ன்னா எந்த அப்பனும் வர மாட்டான், கூண்டுல ஏத்தற மாதிரி இருக்கும். "அம்மா ரொம்ப சோந்து போயிருக்காங்க, என்ன பண்றதுன்னு தெரியல, நீங்க இருந்தா அவங்களுக்குத் தெம்பா இருக்கும்"னு சொல்லிப் பாருங்க. அது பொய்யும் இல்லையே. என்னை எங்க தெரபிஸ்ட் அப்படித்தான் கூப்பிட்டாங்க, "உங்க பொண்ணை எங்களை விட உங்களுக்குத்தான் நல்லா தெரியும், நீங்க இல்லாம எங்களால பண்ண முடியாது"ன்னு. மரியாதையா கேட்டப்ப மறுக்கத் தோணல.

இன்னொண்ணு, வீட்டுல சண்டை வர்றப்ப நடுவுல நிறுத்தத் தெரியணும். எங்களுக்கு அவங்க சொல்லிக் குடுத்தது, படபடப்பு ஏறிடுச்சுன்னா "20 நிமிஷம் கழிச்சு பேசலாம்"னு சொல்லிட்டு எழுந்துக்கறது. எத்தனை மணிக்குத் திரும்பி வருவோம்னு சொல்லிட்டுப் போகணும், சொன்னபடி வரணும், இல்லைன்னா அதுவும் முகத்தைத் திருப்பிக்கிட்டு போறதாத்தான் தெரியும். அந்த 20 நிமிஷத்துல அடுத்து என்ன பதிலடி குடுக்கலாம்னு யோசிச்சுட்டு இருந்தா பிரயோஜனம் இல்ல, வேற ஏதாவது பண்ணணும்.

கடல்நீலம்:

உமா மேடம், தெரபிஸ்ட்கிட்ட நேராவே சொல்லலாம்னு நீங்க சொன்னது எனக்குப் புதுசு, அப்படிச் சொல்லலாம்னே தெரியாது. சிஸ்டர், தம்பியைக் கூப்பிடறப்ப அவனுக்கு முதல்லயே தெரபிஸ்ட்கிட்ட தனியா ஒரு தடவை போன்ல பேசற வாய்ப்பு குடுங்க. என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தா நான் ரெண்டாவது தடவையும் போயிருப்பேன்.

நடுவுல_நான்:

அது நல்ல ஐடியா ப்ரோ, கண்டிப்பா கேக்கறேன். கடைசியா ஒரே ஒரு சந்தேகம் மேடம், நான் தனி வீட்டுல இருக்கேன், நானும் போகணுமா, இல்ல அவங்க மூணு பேர் போனா போதுமா?

தெரபிஸ்ட்_உமா:

முதல் சந்திப்புக்கு நீங்களும் போங்க, நேர்ல முடியலைன்னா வீடியோ கால்ல சேந்துக்கோங்க, நிறைய பேர் இப்ப ஒத்துக்கறாங்க. வீட்டுல என்ன நடக்குதுங்கறதை கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கற ஆள் நீங்கதான். ஆனா கதையை நீங்க ஆரம்பிக்காதீங்க, கேட்டா மட்டும் சொல்லுங்க, அப்பா தப்பா சொன்னாலும் திருத்தாதீங்க. அதுக்கப்புறம் யார் யார் வரணும், எப்ப வரணும்னு தெரபிஸ்ட் பாத்துச் சொல்லுவாங்க, சில சமயம் அப்பாவும் அம்மாவும் மட்டும்கூட ரெண்டு மூணு தடவை போக வேண்டி வரலாம். ஆரம்பத்துல வாரம் ஒரு தடவை, அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைன்னு வெச்சுப்பாங்க, ஒரு சந்திப்பு ஒரு மணி நேரத்துல இருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும் போகும். அம்மா வர்றேன்னு சொன்னது ஆறிப் போறதுக்குள்ள இந்த வாரமே நேரம் கேட்டு வெச்சுடுங்க.